பொடிசுகளோடு ஒரு நாள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை, குழந்தைகளோடு ‘ரினைசான்ஸ் ஃபேர்’ போய், ராஜா ராணி வேஷத்தில் படம் அனுப்புகிறாள். என் பிள்ளைகள் இருவரும் ‘நாமும் போகலாம்’ என்று துளைக்கிறார்கள். தங்கவயலிலிருந்து எங்கே அழைத்துப் போவது?
– ஒரு வாசகி, ராபர்ட்சன்பேட்டை

பதில்: பழைய ஐரோப்பாவை வேஷம் கட்டிக் காட்டும் அந்தத் திருவிழா, கலிஃபோர்னியாவில் 1963-ல் பிறந்தது. நம் பக்கத்தில் அதற்கு நெருங்கிய சொந்தம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா என்ற தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகம். அங்கே யாரும் வேஷம் கட்டுவதில்லை, பழைய காலத்தைக் காட்டுவது வீடுகள்தான். செட்டிநாட்டு வீடும் உண்டு, உங்கள் கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் உண்டு. பெரியவர்கள் தூணை ரசிக்கட்டும். சின்னதுகளை நேரே குயவரிடம் விடுங்கள். சக்கரம் சுற்ற, ஈரக் களிமண் விரலிடுக்கில் வழுக்க, பானை ஒரு பக்கம் சாய, முழங்கைவரை சேறு! ராணி கிரீடத்தை அப்புறம் யார் கேட்பார்கள்? மாற்றுத்துணி அவசியம். செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.

அவ்வளவு தூரம் முடியாதென்றால், உங்கள் தெருவிலேயே சுரங்கத்தில் இறங்கிய தாத்தா ஒருவர் இருப்பாரே! 2001-ல் மூடிய தங்கச் சுரங்கம். அதில் சாம்பியன் ரீஃப் பகுதி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கூண்டில் இறங்கிய கதையை அவர் சொன்னால், எந்த ராஜா கதையும் நிற்காது. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டில் மட்டும் பிள்ளைகளைச் சறுக்க விடாதீர்கள், சகோதரி. அந்தத் தூசி விளையாட்டுக்கு ஆகாது.