அழிச்சா அழிஞ்சிடுமா, தம்பி?

ஏன் கண்ணு, மூஞ்சி இப்படித் தொங்குது? கசாண்ட்ரா டேட்டாபேஸ மேம்படுத்தறேன்னு ராத்திரி பூரா வாய்ச்சண்டையா? ஒருத்தன் பிளஸ் ஒண்ணு போட்டான். இன்னொருத்தன் மைனஸ் ஒண்ணு போட்டான். நீ பூஜ்யத்தப் போட்டுட்டு நடுவுல முழிச்சிகினு கெடந்தே. சர்தான், இப்படி ஒக்காரு. வேங்கிக்கால் திண்ணையில குந்திகினு இருக்கற கெழவனுக்கு டேட்டாபேஸப் பத்தி இன்னா தெரியும்னு பாக்கறியா? வூட்ல ஒரு பேரன் இருக்கான்டா. ஒர்க் ஃப்ரம் ஹோம். கதவச் சாத்தினாலும் அவன் பேசறது அத்தனையும் வாசல்ல கேக்குது.

அந்த பிளஸ் மைனஸ் சமாச்சாரம் எனக்குப் புடிச்சிருக்கு. கசாண்ட்ராவப் பாத்துக்கற அப்பாச்சிக்காரங்க வச்ச ரூலு. கோடு மாத்தற விஷயத்துல, உரிமை இருக்கற ஒருத்தன் மைனஸ் போட்டா வேலை அப்படியே நின்னுடும். ஆனா தொழில்நுட்பக் காரணம் சொல்லியாவணும். 'எனக்குப் புடிக்கல'ன்னா செல்லாது. எங்க பங்காளிங்களுக்கு இப்படி ஒரு ரூலு இருந்திருந்தா, பாட்டன் நெலம் எப்பவோ பாகம் பிரிஞ்சிருக்கும்.

கசாண்ட்ரா எங்கப் பொறந்துதுன்னு தெரியுமா? ஃபேஸ்புக்ல. இன்பாக்ஸ்ல தேடறதுக்குன்னு அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் ஜாவால கட்டினாங்க. 2008 ஜூலைல ஊருக்குப் பொதுவா விட்டாங்க. 2010 பிப்ரவரில அப்பாச்சில அதுக்குத் தனி எடம் கெடச்சிது. அதே வருஷம் நவம்பர்ல ஃபேஸ்புக் இன்னா பண்ணிச்சி? புது மெசேஜ் சேவைக்கு இது வேணாம்னு எச்பேஸுன்னு வேற டேட்டாபேஸ எடுத்துகிச்சி. காரணத்த எழுதினவரு கண்ணன் முத்துக்கருப்பன். பேரக் கேட்டா நம்ம காதுக்குப் பழக்கமா இல்ல? 'இப்ப ஒத்துப்போவலன்னாலும் கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒத்துப்போயிடும்'ங்கற கசாண்ட்ராவோட போக்கு எங்க வேலைக்கு சரிப்படலன்னு பட்டுன்னு சொல்லிட்டாரு. பெத்தவங்களே கைய விட்டும் அது பொழச்சிகிச்சி. ஆப்பிளும் நெட்பிளிக்ஸும் வச்சிப் பொழைக்கிற அளவுக்கு வளந்துது.

அப்புறந்தான் மேம்படுத்தற ஆசை வந்துது. 2015 நவம்பர்ல 3.0. அதுலேருந்து மாசா மாசம் ஒரு வெளியீடுன்னு கெளம்பினாங்க. ஒரு மாசம் புதுசு, மறு மாசம் பழுது பாக்கறது. டிக் டாக்குன்னு பேரு வேற. ரெண்டு வருஷம் தாங்கல. 2018 செப்டம்பர்ல, 'இனிமே புதுசா எதுவும் ஏத்தக் கூடாது, இருக்கறத உருப்படியாக்கு'ன்னு கதவச் சாத்தினாங்க. 4.0 வெளிய வந்தது 2021 ஜூலைல. பழுது பாத்ததே ஆயிரத்துக்கு மேல. நீ அப்ப சிரிச்சியே, 'செத்துப்போன புராஜெக்ட்டு தாத்தா'ன்னு? எனக்குக் கேட்டா, அந்த மூணு வருஷத்துலதான்டா அவங்க ஒழுங்கா வேலை பாத்தாங்க.

சரி, ஒண்ணு கேக்கறேன். கசாண்ட்ராகிட்ட ஒரு வரிய அழின்னு சொன்னா அது இன்னா பண்ணும்? அழிக்குமா? அதான் இல்ல. 'இன்னார் போய்ச் சேந்துட்டாரு'ன்னு புதுசா ஒரு குறிப்ப எழுதி வெக்கும். டூம்ஸ்டோன்னு அதுக்குப் பேரு, சமாதிக் கல்லு. டிஸ்க்ல ஒரு தபா எழுதின ஃபைல அது திரும்பத் திருத்தறதில்ல. புதுசு புதுசா எழுதிகினே போவும். எழுதறதுல அவ்ளோ வேகம் அதனாலதான். நம்ம செங்கத்துப் பக்கம் போயிருக்கியா? மாடு புடிக்க வந்தவனோட மல்லுக்கட்டிச் செத்தவனுக்கெல்லாம் நடுகல் நட்டு வச்சிருக்கான். தொல்லியல் துறை 1972-ல அதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டுது. அந்தக் கல்லு ஊருக்குப் பெருமை. ஒன் டேட்டாபேஸ்ல நிக்கற கல்லு? படிக்கப் போறப்பல்லாம் ஒவ்வொண்ணாத் தாண்டணும். ஆயிரத்தத் தாண்டினா எச்சரிக்கை. லட்சத்தத் தாண்டினா 'போடா, படிக்க முடியாது'ன்னு கேள்வியவே தள்ளிடும்.

அந்தக் கல்ல எப்பப் புடுங்கலாம்? 8,64,000 நொடி கழிச்சி. பயந்துடாத, பத்து நாளுதான். பத்தாம் நாள் காரியம் முடியட்டும்னு நாங்க சொன்னா மூடநம்பிக்கை. மெஷினு சொன்னா டீஃபால்ட்டு! ஆனா அதுல நாயம் இருக்குடா. ஒரே தகவல நகலா வச்சிருக்கற மூணு மெஷின்ல ஒண்ணு படுத்துகினு இருந்தப்ப நீ அழிச்சிருப்பே. சாவுச் சேதி அதுக்குப் போயிருக்காது. பத்து நாளுக்குள்ள ரிப்பேர் ஓட்டி சேதி சொல்லணும். சொல்லலன்னா, மத்த ரெண்டும் கல்லப் புடுங்கினப்புறம் அது எழுந்து வந்து, 'அவரு நல்லாத்தானே இருக்காரு'ங்கும். போனவரு திரும்பி வந்துடுவாரு. உங்காளுங்க அதுக்கும் ஜாம்பின்னு பேரு வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

2017-ல டிஸ்கார்டுன்னு அரட்டை ஆப்பு நடத்தறவங்க எழுதினத என் பேரன் படிச்சிக் காட்டினான். ஒரு சேனலத் தொறந்தா இருபது நொடி ஆவுதாம். உள்ள இருந்தது ஒரே ஒரு மெசேஜு. மிச்சத்த எவனோ லட்சக்கணக்குல அழிச்சிட்டான். அந்த ஒத்த மெசேஜப் படிக்க அத்தன கல்லையும் தாண்டணும். நடுவுல ஜாவா வேற, 'எல்லாரும் நில்லுங்க, குப்ப கூட்டறேன்'னு பத்துப் பத்து நொடி நிறுத்துது. இன்னா பண்ணாங்க? ராத்திரிக்கு ராத்திரி ரிப்பேர் ஓட்டிகினு இருந்ததால பத்து நாள ரெண்டு நாளாக் கொறச்சாங்க. காலியாக் கெடக்கற எடத்தக் குறிச்சி வச்சிகினு தாண்டிப் போற மாதிரி தங்க கோட மாத்தினாங்க. முடிஞ்சிது கதை.

'2022-ல அவங்களே சில்லாங்கற வேற டேட்டாபேஸுக்கு மாறிட்டாங்களே'ன்னு வாயத் தொறக்கறே. தெரியும்டா. 177 மெஷின் 72 ஆச்சி. சில்லா சி பிளஸ் பிளஸ்ல எழுதினது, குப்ப கூட்ட நிக்காது. ஆனா அவங்ககிட்ட இருந்தது லட்சம் கோடிக் கணக்குல மெசேஜு. ஒங்கிட்ட? கிரிவலம் வர்றவங்களுக்கு ரூம் புடிக்கிற ஆப்பு. இருபது ரூமு. பௌர்ணமிக்கு ஃபுல்லு, மத்த நாள்ல கொசு. அதுக்கு மூணு மெஷினு, மூணு நகலு, ரெண்டு பேரு தலையாட்டினாத்தான் பதிலு! அதுவும் சும்மா எழுதினா கடைசியா எழுதினவன்தான் அதுல ஜெயிப்பான். மொதல்ல பணம் கட்டினவன் பெட்டியோட வாசல்ல நிப்பான். அத சரிபண்ண அக்கார்டுன்னு ஒண்ணு வருதுங்கறே. 2021-ல யோசனை வச்சாங்க, 2024 செப்டம்பர்ல வந்த 5.0-லயும் அது ஏறல. அதுவரைக்கும் லாட்ஜ் வாசல்ல நிக்கறவனுக்கு நீயா பாய் போடுவே? அதே ஜாவாலதான் எச்2ன்னு சின்னதா ஒரு டேட்டாபேஸ் இருக்கு. ஆப்புக்குள்ளயே அடங்கிடும். அத எடுத்தா ஃபிரெண்டுங்ககிட்ட சொல்லிக்க நல்லா இருக்காது, இல்ல?

நெசமாவே கசாண்ட்ராவ மேம்படுத்தணுமா? கசாண்ட்ராக்காரங்க புகார்ப் பட்டியல்ல, புதுசா வர்றவங்களுக்குன்னு லேசான வேலைங்களக் குறிச்சி வச்சிருக்காங்க. ஒண்ண எடு. அந்தக் கோளாறு ஒன் மெஷின்லயும் வருதான்னு பாரு. வந்தா டெஸ்ட் எழுது, திருத்து, அனுப்பு. திருப்பி அனுப்பினா ஏன்னு கேட்டுட்டு மறுபடி திருத்து. புது வசதி வேணும்னு எழுதி வச்சிருக்கியே ஆறு பக்கம், அத அதுக்கப்புறம் அனுப்பிக்கலாம்.