டிக்கெட் இல்லாத பயணி

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் செடியை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்கிறார்களே, ஒரு செடி என்ன செய்துவிடும்?

பதில்: செடி ஒன்றும் செய்யாது, அதன் இலைக்கடியில் டிக்கெட் எடுக்காமல் வருபவர்தான் ஆபத்தானவர்!

உதாரணத்துக்கு, மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு என்பதால் மருந்து சரியாக ஒட்டவில்லை. விவசாயிக்குச் செலவுதான் மிச்சம். கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துத்தான் அடக்கினார்கள். அந்தக் குளவிகூட அனுமதி வாங்கி, பெங்களூரில் தனிமைச் சோதனை முடித்த பிறகே தோட்டத்துக்குள் நுழைந்தது.

இப்படிப்பட்ட பூச்சிகள் நுழையாமல் தடுக்க, வெளிநாட்டுச் செடிகளுக்கு இந்தியாவின் 1914-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆணையும் கேட்பவை இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும். இரண்டும் இல்லாத செடியை வெளிநாட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.