பலகை மாறினால் போதுமா?

கேள்வி: நிர்வாகம் மாறும்போது, மேலே இருப்பவர் மீது கீழே இருப்பவருக்கு நம்பிக்கை வருவது எப்படி?
– வாசகர், சின்னசேலம்

பதில்: சின்னசேலமே இதற்குச் சான்று. 1993-இல் தென்னாற்காடு பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்த இவ்வூர், 2019 நவம்பர் 26 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் வந்ததால், ஆட்சியரிடம் மனுக் கொடுக்க உளுந்தூர்பேட்டை வழியாக விழுப்புரம்வரை போய்வரும் அலைச்சல் தீர்ந்தது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலைக்குத் தனி வட்டமும் அமைந்தது. எனினும் தூரம் குறைவது வேறு, நம்பிக்கை வளர்வது வேறு. பெயர்ப்பலகையை ஒரே இரவில் மாற்றிவிடலாம். பழைய அலுவலகத்தில் கொடுத்த மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதற்கு விடை கிடைத்தால்தான் மக்கள் புதிய அலுவலகத்தை நம்புவார்கள். ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் மேலதிகாரி நேரில் தணிக்கை செய்து மனுக்களையும் பெறும் வருவாய்த் தீர்வாயம், இந்த உண்மையை அறிந்த பழைய ஏற்பாடு: அங்கே கணக்கை ஊரார் முன்னிலையில் விரித்து வைத்தாக வேண்டும். ஊழியர் நிலையும் இதுவே. யாருக்கு எங்கே இடமாற்றம், அது ஏன் என்று முன்கூட்டியே விளக்கும் தலைவருக்கு நம்பிக்கை கிடைக்கும்; ஆணையை மட்டும் நீட்டுபவருக்குக் கையொப்பம்தான் கிடைக்கும்.