சாக்குக்கு இரண்டு கிலோ

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு ‘ஆபீஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் நான்கு வருடமாகப் பிழைக்கிறார். டவுன் கடைகளுக்கு எக்செலில் கணக்கு வைத்துக் கொடுப்பார். கொழும்பிலிருந்து வரும் ஆங்கில, சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவார். இந்தக் கட்டுரையை எழுதுகிறவரும் அவரே. ‘நான்’ என்று எழுதினால் செய்த மடத்தனமெல்லாம் தன் தலையில் விழும் என்பதால், ‘எழுதுகிறவர்’ என்று தள்ளி நின்றே சொல்லப் போகிறார்.

2025 ஏப்ரலில் ஒரு பின்னேரம் இடி விழுந்தது. மலைநாட்டில் ஏப்ரல் இடி புதிதல்ல. இரண்டு பருவமழைக்கும் நடுவே வானம் தினமும் மத்தியானத்துக்குமேல் கணக்குத் தீர்க்கும் மாதம் அது. புதிதாக நடந்தது, எழுதுகிறவரின் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதுதான். புகை இல்லை, வெடிச் சத்தம் இல்லை. பட்டனை அமுக்கினால் பதில் இல்லை, அவ்வளவுதான். இரவல் மடிக்கணினியில் ஆகஸ்ட் வரை ஓட்டினார். அதன் சொந்தக்காரருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மடிக்கணினி போய்விட்டது. புதிதாக ஒன்று எடுத்தே ஆகவேண்டும்.

தோட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேர் கசாயம் சொல்வார்கள். கம்ப்யூட்டர் எடுக்கப் போகிறார் என்றால் இருபது பேர் சொல்வார்கள்.

கொழும்பில் இருக்கும் சித்தப்பா மகன் தொலைபேசியிலேயே பட்டியல் போட்டான். “அண்ணே, ஐ7க்குக் கீழ எடுக்காதீங்க. ரேம் முப்பத்திரண்டு. நல்ல கிராபிக்ஸ் கார்ட். வாட்டர் கூலிங் போட்டுருங்க.” துவைத்த துவாய் மூன்று நாளாகியும் காயாத ஊரில், மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும் ஊரில், எக்செல் கணக்குப் போடும் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டுமாம். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயாவோ ஒரே வரியில் முடித்தார்: “ஐ3ன்னா மூணாம் வகுப்பு, ஐ7ன்னா ஏழாம் வகுப்பு. நீ எத்தனையாம் வகுப்பு படிச்சவன்?”

பெயரையும் நம்பரையும் பார்த்து ஏமாறக்கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது உடப்புசல்லாவைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டித் தண்டவாளம் போட்டான். நுவரெலியா, கந்தப்பளை வழியாக மலையேறிய அந்தப் பாதைக்கு உடப்புசல்லாவை ரயில் பாதை என்று பெயர். ஆனால் ரயில் ராகலையோடு நின்றுவிட்டது. உடப்புசல்லாவைக்கு அது வரவே இல்லை. 1940களில் பாதையையே கைவிட்டார்கள். பெயரில் மட்டும் ஊர் இருந்தது. ஊரில் ரயில் இல்லை.

தேயிலையிலும் இதே கதைதான். இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் உடப்புசல்லாவை ஒன்று. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சு இல்லை என்பது பால்குடி மறக்கும் முன்பே தெரியும். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, கடைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து வாயைப் பிளக்கிறது.

ஆகஸ்டில் அப்பாயிக்கு நுவரெலியாவில் கண் கிளினிக் இருந்தது. எழுதுகிறவர் கூட்டிப் போனார். கிளினிக் முடிந்ததும் அப்படியே ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தார். அப்பாயி முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். எழுத்து வாசிக்க வராது. தராசு வாசிக்க வரும்.

கடைக்காரத் தம்பி முதலில் தூக்கி வைத்தது ஒரு ஐ7. பாவித்தது, ஆனால் பளபளவென்று துடைத்தது. விலையும் மலிவு. எழுதுகிறவர் கையை நீட்டிவிட்டார். நல்லவேளையாக அதன் முழு நம்பர் கண்ணில் பட்டது: 4770. கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன்னால் நிற்கும் எண்தான் தலைமுறையைச் சொல்வது. நான்காம் தலைமுறை, 2013இல் வெளிவந்தது. பக்கத்தில் யாரும் ஏறிட்டுப் பாராமல் கிடந்த ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டுக்கும் மூளை நான்குதான். ஆனால் வேகத்தில் சின்னவன் பெரியவனை முந்துவான், மின்சாரமும் குறைவாகத் தின்பான். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் ப்ராசசர்கள் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு மாதத்தில் பென்சன் வாங்கப்போகிற ஆளைப் புது வேலைக்கு எடுப்பதற்கு எழுதுகிறவர் என்ன தோட்டத்துத் துரையா?

“அப்ப இதை எடுங்க அண்ணே” என்று கடைக்காரத் தம்பி அடுத்த பெட்டியைத் திறந்தார். “அதே ஐ3தான். பின்னால ஒரு ‘எஃப்’ மட்டும் கூட இருக்கும். விலை குறைவு.”

கூட ஒரு எழுத்து இருந்தும் விலை குறைகிறது என்றதும் அப்பாயி நிமிர்ந்தார். “பி.ஓ.பி.க்கும் பி.ஓ.பி.எஃப்.க்கும் இருக்கிற மாதிரியா?”

ஏறக்குறைய அதேதான். தேயிலையில் எஃப் என்றால் ஃபேனிங்ஸ், இன்னும் பொடிசான தூள். இன்டெல் ப்ராசசரில் எஃப் என்றால் படம் காட்டும் பகுதி கிடையாது என்று அர்த்தம். தனியாக கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் போடாவிட்டால் திரை அமாவாசையாக இருக்கும். விளையாடுகிறவர்கள் எப்படியும் கார்ட் வாங்குவார்கள். அவர்களுக்கு எஃப் லாபம். கணக்கெழுதுகிறவர் அதை வாங்கினால், குறைந்த காசுக்கு மேல் இன்னொரு மடங்கு காசு போட வேண்டிவரும். எஃப் இல்லாத ஐ3-12100 முடிவானது.

ரேமில் எழுதுகிறவர் அடம்பிடித்தார். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்பது மைக்ரோசொஃப்ட்டின் குறைந்தபட்சக் கணக்கு. குறைந்தபட்சம் என்றால் என்னவென்று தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிர் போகாது, அவ்வளவுதான். எழுதுகிறவரின் சாதாரணக் காலைநேரத்தில் ஒரு எக்செல், இரண்டு பிடிஎஃப், அகராதிக்காகத் திறந்த பதினேழு குரோம் ஜன்னல்கள், நடுவில் கொழும்புக்காரர்களின் ஸூம் கூட்டம் எல்லாம் ஒன்றாக ஓடும். 8 ஜிபியில் மூச்சு வாங்கும். எட்டும் எட்டும் பதினாறு என்று இரண்டு துண்டாக வாங்கினார். இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தரவு போய்வருவதால், ஒற்றைத் துண்டைவிட இது நல்லது.

சேமிப்பகத்துக்குத் தோட்டத்துக் கணக்கே போதும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 150 எம்பி படிக்கும். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலை இறங்குகிற வேகம். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், அது லொறி. என்விஎம்இ எஸ்எஸ்டி 3,000ஐத் தாண்டும்; அந்த வேகத்தில் நம் ரோட்டில் எதுவும் ஓடியதில்லை. எழுதுகிறவர் 512 ஜிபியில் என்விஎம்இ ஒன்று கேட்டார். கடைக்காரத் தம்பி மாட்டி ஓடவிட்டுக் காட்டினார். திரையில் 476 ஜிபி என்றிருந்தது.

“அது எப்படித் தம்பி? 512க்குத்தானே காசு?”

தம்பி விளக்கினார். தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024, 1,024ஆக எண்ணுகிறது. பொருள் அதேதான், எண்ணுகிற முறைதான் வேறு. எழுதுகிறவருக்கு அரைகுறையாகப் புரிந்தது. அப்பாயிக்கு முழுசாகப் புரிந்தது.

“கொழுந்து நிறுக்கிற மடுவத்துல சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோன்னு கழிப்பாங்களே, அதுதாண்டா. இங்கயும் கழிக்கிறாங்க.”

அந்த நிமிடத்திலிருந்து பேரம் அப்பாயியின் கைக்குப் போனது. அடுத்து யூபிஎஸ். பெட்டியில் 650 விஏ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 390 வாட் என்றிருந்ததை எழுதுகிறவர் வாசித்துச் சொன்னார். “இதுல கழிவு இன்னும் கூடவா இருக்கே” என்றார் அப்பாயி. விஏ வேறு, வாட் வேறு, எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடும் என்று தம்பி சொல்லிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் தராசுமுன் நின்றவரிடம் இந்தப் பேச்சு செல்லுமா? மௌஸும் கீபோர்டும் இலவசமாக வந்தன.

யூபிஎஸ் வேண்டாம், அந்தக் காசுக்கு ஐ5 எடு என்று ஊரில் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஞாபகம் குறைவு. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை போல, முழு இலங்கையும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். ஒரு நாட்டின் மின்சாரம் ஒரு குரங்கின் வாலில் தொங்கும்போது, எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் இருந்து என்ன? எக்செலும் குரோமும் ஓடும் இந்த ஐ3 பெட்டி, திரையோடு சேர்த்து நூறு வாட்டைத் தாண்டுவதே அரிது. எழுதுகிறவரின் யூபிஎஸ் பத்து நிமிடமாவது தாங்குகிறது. சேமித்துவிட்டு, அணைத்துவிட்டு, ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொள்ள அது போதும்.

மொத்தம் 162,000 ரூபா. பில்லைக் கையில் வாங்கிய அப்பாயி எத்தனை பேர் என்று கேட்டார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் பார்த்தால் சரியாக நூற்றிருபது பேர். “நாலு மாசக் கொழுந்து” என்றார் அப்பாயி. சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு எழுதுகிறவரின் பையில் திடீரென்று கனத்தது. 2022இல் சில வாரங்களுக்குள் டாலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது இதே பெட்டி என்ன விலை விற்றிருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தார்கள். பெட்டி எழுதுகிறவரின் மடியில், திரை அப்பாயியின் மடியில், யூபிஎஸ் காலடியில். கந்தப்பளை தாண்டி, ராகலை தாண்டி, ரயிலுக்குக் கொடுத்துவைக்காத உடப்புசல்லாவைக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

இரண்டு சிக்கல்கள் மிச்சமிருந்தன. ஒன்று, பழைய வாடிக்கையாளர்களின் கோப்புகளெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத புது இயந்திரத்தில் திறந்தால் தமிழ்க் கடிதம் ஆங்கில எழுத்துச் சுண்டலாகத் தெரியும். எத்தனை ஜிபி ரேமாலும் இதைத் தீர்க்க முடியாது. ஒரு எம்பிகூட இல்லாத அந்த எழுத்துருவை நிறுவினால் தீரும். இன்னொன்று, முதல் வாரமே பெட்டி வெந்நீர்ப் பானையாகச் சுட்டது. கடைக்காரர்மேல் கோபத்தோடு எழுதுகிறவர் பின்னால் போய்ப் பார்த்தார். இரவில் குளிருமே என்று அப்பாயி, தான் மலைக்குப் போர்த்திப் போன கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டிருந்தார். “ராவெல்லாம் ஓடுது, பாவம்.” அந்த ப்ராசசர் 100 பாகை வரை தாங்கும், 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95இல் கொதித்துவிடும். கம்பளியை எடுத்ததும் சூடு இறங்கியது. இப்போது கம்பளி, அணைத்த பிறகு தூசிக்கு மட்டும்.

உடப்புசல்லாவைப் பக்கம் கம்ப்யூட்டர் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, சுவர் பிளக்கில் எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதுகிறவர் வீட்டில் அது சுவருக்குள் அரை அடி போய் நின்றிருந்தது, ராகலையில் நின்ற ரயில் மாதிரி. இடி முழங்கினால் யூபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பேரம் பேச அப்பாயி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டும் வெற்றிலைக்குக் காசும் உங்கள் பொறுப்பு.