கொல்லிமலைக்குக் கிளம்பின பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. உக்கார முடியுதா? கால்சட்டைக்குள்ள மெத்தை வச்சுத் தச்சிருக்காமே! ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளுக்கு ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, காரியர் இல்ல, பெல்லும் இல்ல. ஒண்ணொண்ணா கழட்டி விலையை ஏத்தியிருக்கான் பாரு, அவன் வியாபாரி. நாங்க குரங்குப் பெடல் போட்ட காலத்துல இப்படியொரு வண்டியை வாடகைக் கடைக்காரர் வெளியிலேயே நிறுத்தியிருக்க மாட்டார்.

பெரம்பலூர், துறையூர், நாமக்கல் தாண்டி காரவள்ளி வரைக்கும் நீ ராஜா. அங்கிருந்துதான் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதி போர்டு வச்சிருக்கான், எவனும் ஊருக்கு வந்து கூட்டிச் சொல்லிடக் கூடாதுன்னு. வல்வில் ஓரி ஒரே அம்புல அஞ்சு மிருகத்தைச் சாய்ச்ச மலைடா அது. நீ ஒரே மூச்சுல அஞ்சு வளைவு ஏறிட்டா ஆடி விழாவுல உனக்கும் ஒரு மாலை போடச் சொல்றேன்.

வாலிகண்டபுரத்துல பொறந்தவனுக்கு மலையேற வித்தை சொல்லித் தரணுமா என்ன? நம்ம வாலீஸ்வரரைக் கும்பிட்ட வாலிக்கு என்ன வரம்? எதிர்ல நிக்கிறவன் பலத்துல பாதி அவனுக்குப் போயிடும். மலைக்கும் அந்த வரம் உண்டு. அடிவாரத்துல நின்னு உச்சியை அண்ணாந்து பார்த்தேன்னு வை, பாதி பலம் அங்கேயே போச்சு. செல்ஃபி எடுத்தா மீதியும் போச்சு. ராமனே நேருக்கு நேர் போகல, மறைஞ்சு நின்னுதான் அடிச்சான். நீ மட்டும் என்ன பெரிய யோக்கியன்? தலையைக் கவுத்துக்க. முன்னால சின்னப் பல்சக்கரம், பின்னால பெருசு; முதல் வளைவுலேயே வெக்கப்படாம மாத்திடு. கௌரவம் பார்த்து முரட்டுப் பல்லுல மிதிக்கிறவன் பத்தாவது வளைவுல பாறை மேல உக்காந்து இயற்கையை ரசிச்சுக்கிட்டிருப்பான்.

வளைவுல உள்ளோரம்தான் செங்குத்து. எதிர்ல வண்டி இல்லேன்னா கொஞ்சம் விலகிச் சுத்து, ஏத்தம் குறையும். மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழி விடணும்னு சட்டமிருக்கு. நீ படிச்சிருக்கே. பலாப்பழ லோடு ஏத்திட்டு வர்றவரும் படிச்சிருக்காரான்னு தெரிஞ்சுக்கிட்டு நடு ரோட்டுக்குப் போ.

அப்புறம், சட்டையில பாக்கெட்டை முதுகுல வச்சு அதுல வாழைப்பழத்தைச் சொருகியிருக்கியே, யார் வசதிக்குடா? வாலி பரம்பரை வளைவுக்கு வளைவு மதில் மேல உக்காந்திருக்கும். திரும்பிப் பார்க்கறதுக்குள்ள தோலைத்தான் தரும்.

போன பொங்கலுக்கு நீதான் அந்தப் பிரான்ஸ்காரன் கிறிஸ்டோஃப் கதையைச் சொன்னே. 1913-ல டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல, டூர்மாலே கணவாய். 2,115 மீட்டராம், நம்ம கொல்லிமலையை விட உசரம். இறங்கும்போது கிறிஸ்டோஃபுக்கு முன் ஃபோர்க் ஒடிஞ்சு போச்சு. வண்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு மைல் கணக்கா நடந்து, கீழ் ஊர்க் கொல்லுப்பட்டறையில தானே இரும்பைக் காய்ச்சி அடிச்சு ஒட்டவச்சான். துருத்தி ஊதினது மட்டும் ஒரு பொடிப்பய. அடுத்தவன் உதவி வாங்கிட்டேன்னு பத்து நிமிஷம் தண்டம்! தண்டம் போட்ட அதிகாரி நம்ம ஊருக்கு வந்திருக்கணும். இங்க ஒரு பஞ்சர் ஒட்டவே நாலு பேர் டியூபை அமுக்கணும், ஆறு பேர் யோசனை சொல்லணும். தண்டம் எழுத நோட்டு பத்தாது.

இறங்கும்போது பிரேக்கைப் பிடிச்சபடியே வராதே, சூடேறிடும். விட்டு விட்டுப் பிடி. அதுக்கு முன்னால மேல சோளக்காட்டுச் சந்தையில முடவாட்டுக்கால் கிழங்கு ரெண்டு கிலோ வாங்கிக்க. உங்க பாட்டி முட்டிக்கு சூப் வைக்கணும். உன் முட்டிக்கும் ஒரு டம்ளர் சேர்த்தே வைக்கச் சொல்லியிருக்கேன். கூடவே மிளகு அரைக்கிலோ. காரியர் இருந்திருந்தா ஒரு பலாப்பழமும் சொல்லியிருப்பேன்.