நிறுத்திய காரும் நீங்கிய மின்சாரமும்: ஒரு சூலூர் ஆய்வு

ஓடுகிற வண்டி களைத்துப்போவதில் வியப்பில்லை. தேமே என்று வேப்பமர நிழலில் நிற்கிற வண்டி ஏன் களைக்கிறது என்பதே இவ்வாய்வின் கேள்வி. களம்: சூலூரிலிருந்து கலங்கல் போகும் வழியில் ஒரு வீட்டு வாசல். ஆய்வுப்பொருள்: பெரியப்பாவின் சின்னக் கார். ஞாயிறு மாலை முழுச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, புதன் காலை சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று நாக்கைத் தட்டிவிட்டு அடங்கிவிடும்.

களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. 1893-இல் ஜி.டி.நாயுடு பிறந்தது பக்கத்துக் கலங்கலில். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானதில் பங்குள்ளவர். அந்த மண்ணில் வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பேர் காரைத் தள்ளிக்கொண்டு போவது வரலாற்றுக்கே இழுக்கு.

இத்துறையின் முன்னாய்வுகள் அனைத்தும் டீக்கடை பெஞ்சில் வாய்மொழியாகக் கிடைக்கின்றன. முதல் கொள்கை வான்வழியானது. “ஏர்ஃபோர்ஸ் ரேடாருதானுங்க கரண்ட்ட இழுக்குது!” 2018-இல் தேஜஸ் போர் விமானங்களின் 45-ஆவது படையணி சூலூருக்கு வந்தது உண்மை. ஆனால் அதே வானத்தின் கீழ் நிற்கும் எதிர்வீட்டு வண்டி ஒரே சாவியில் உறுமுகிறது. கொள்கை தள்ளுபடி.

இரண்டாவது, பெரியப்பா தாமே நிறுவியது: ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியைத் தின்கிறது, ஆகவே வண்டியை எடுக்காமல் இருப்பதே சிக்கனம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கிறது என்றே வைப்போம். மூன்று விநாடிக்குக் கணக்குப் போட்டால் 0.125 ஆம்பியர்-மணி. கொறிப்பதைத் தின்பது என்று சொல்லக்கூடாது.

மூன்றாவது, கண்ணேறு. பம்பரில் எலுமிச்சை தொங்குவதால் இதையும் அறிவியல்படியே அணுகினோம். செம்பும் துத்தநாகமும் செருகிய ஒரு பழம் சுமார் 0.9 வோல்ட் தரும். பதினான்கை வரிசையாகக் கோத்தால் 12.6, முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரியின் அளவு அச்சு அசலாக இதுதான். இடிப்பது ஆம்பியர். பழம் ஒரு மில்லிஆம்பியர் கொடுத்தாலே பெரிது. ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியராவது வேண்டும். ஆக 14 லட்சம் பழம். அந்தப் பணத்துக்குப் புதுக் காரே வாங்கிவிடலாம்.

இத்தனைக்கும் மூலம் அமெரிக்காவின் கெட்டரிங். 1912-இல் காடிலாக் காருக்கு அவர் மின் ஸ்டார்ட்டரைக் கொடுக்கும்வரை, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றத் தெம்பிருந்தால் போதும். 1859-இல் பிளாந்தே கண்ட ஈய-அமில பேட்டரியின் காலில் மனிதகுலம் விழுந்தது அதற்குப் பிறகுதான்.

இனி எம் ஆய்வு. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவே மல்டிமீட்டரை வைத்து, கதவெல்லாம் பூட்டி, வண்டியின் கம்ப்யூட்டர் உறங்க அரைமணி நேரம் காத்திருந்தோம். கடிகாரம், சென்ட்ரல் லாக் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு 50 மில்லிஆம்பியர் வரை நியாயம். மீட்டர் காட்டியதோ 450. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். உள்விளக்கு ஃப்யூஸ் வந்த கணம் முள் விழுந்தது. ஆனால் கண்ணுக்கெட்டிய உள்விளக்கு எதுவும் எரியவில்லை. மிஞ்சியது டிக்கி விளக்கு.

மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிகிறதா என்று மூடியபடியே எப்படி அறிவது? பேரனை உள்ளே வைத்து மூடலாம் என்று பெரியப்பா முன்மொழிந்தார். ஆய்வு நெறிக்குழுவாக விளங்கிய பெரியம்மா, “மொதல்ல நீங்க ஏறுங்க, பாக்கலாம்” என்று ஒரே அமர்வில் நிராகரித்தார். செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினோம். படத்தில் தேங்காய் மூட்டை ஒன்று பட்டப்பகல் போலத் துலங்கியது. டிக்கிப் பூட்டிலிருந்த சுவிட்ச் தூசியில் ஒட்டிக்கொண்டு, மூடியை எந்நேரமும் திறந்ததாகவே எண்ணிக்கொண்டிருந்தது.

ஐந்து வாட் பல்பு, மணிக்கு 0.42 ஆம்பியர்-மணி. ஓர் இரவில் தின்பது நாற்பது ஸ்டார்ட்டுக்குச் சமம். சில்லறையும் சேர, ஞாயிறு மாலை முதல் புதன் காலைவரை 27 ஆம்பியர்-மணி. பேட்டரியில் இருப்பதே 35. பெரியப்பாவின் சிக்கனத்தால் இடையில், ஓட்டத்தில் சார்ஜ் ஏற்றித் தரும் ஆல்டர்னேட்டர் சுழலவே இல்லை. வாரத்துக்கொருமுறை சந்தைவரை போய்வருவதில் இந்தக் கடன் அடையாது.

சுவிட்சைத் துடைத்தோம், விளக்கு அணைந்தது. ஆனாலும் மறுவாரம் வண்டி எழவில்லை. திரும்பத் திரும்ப அடிவரை காலியான பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு ஏற்றுகிற சார்ஜ் நிற்காது. முதல் நோய் இரண்டாவதைப் பெற்றுப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தது.

பேட்டரிக் கடைக்காரர் லோடு டெஸ்ட் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “புதுசு மாத்திக்குங்க. பழச எடைக்குக் கழிச்சுக்கலாமுங்க.” தராசில் ஏற்றுமுன் உள்ளிருப்பதைக் கொட்டிவிட்டு நிறுக்க வேண்டும் என்றார். “ஏனுங் தம்பி, போன வாரந்தான் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துனேன், அதுவும் காசுதானுங்களே?” என்றார் பெரியப்பா. வழக்கு நிலுவையில் உள்ளது.