பிளக் சித்தர்

எந்த அலுவலகத்தின் டூவீலர் ஸ்டாண்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கிளம்பிவிட மாட்டார். தம்பூரா சுருதி சேரக் காத்திருக்கும் பாடகர் மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு நம் பக்கம் திரும்பிக் கேட்பார்: "சார், என்ன பிளக் போட்டிருக்கீங்க?"

தெரியாது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மாமனார் பெயர் தெரியாது என்று சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இவர் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்கிடம் பிளக்கைப் பற்றிக் கேட்டால், "கம்பெனி என்ன போட்டிருக்கோ அதையே போடுங்க சார்" என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நம்மவர் பகலில் கணக்குப் பிரிவில் அரியர்ஸ் போடுகிறவர். ஆறு மணிக்கு மேல்தான் சித்தர். அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் அழைப்போம். இரும்பைப் பொன்னாக்குவது பழைய சித்தர்களின் வேலை. 100 சிசியை 150 சிசி ஆக்குவது இவருடைய வேலை, அதுவும் ஒரே ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு.

சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பிளக் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். பைக்கின் சைடு பாக்ஸில் பிளக் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு பழைய அல்வா டப்பா. டப்பாவுக்குள் இதுவரை கழற்றிய பிளக்குகள் எல்லாம் காகிதத்தில் சுற்றி, தேதி எழுதிப் பத்திரமாக இருக்கும். சனிக்கிழமை மதியம் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவார். "புதுசா ஏதாவது வந்திருக்கா?" என்று பிளக்கைக் கேட்கிற ஒரே வாடிக்கையாளர் என்பதால் கடைக்காரர்கள் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பார்கள்.

அங்கே கிடைத்ததுதான் நாலு கால் பிளக். சாதாரண பிளக்கில் நடுக்கம்பிக்கு எதிரே வளைந்த கால் ஒன்றுதான் இருக்கும். இதில் சுற்றிலும் நாலு. "நாலு பக்கமும் பொறி பறக்கும் சார்!" என்று விரல்களை விரித்துக் காட்டினார். பறக்காது. மின்சாரம் சோம்பேறி, எந்த வழி சுலபமோ அந்த வழியில்தான் தாவும், ஒரு சமயத்தில் ஒரே காலுக்குத்தான். நாலு கவுன்ட்டர் கட்டிவிட்டு ஒன்றில் மட்டும் ஆளை உட்காரவைக்கிற ரயில்வே ஸ்டேஷன் மாதிரி. ஒரு கால் தேய்ந்தால் பொறி அடுத்த காலுக்குப் போகும் என்பதால் பிளக் கூடுதல் நாள் உழைக்கும். அவ்வளவுதான் லாபம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரியண்ணன் இருந்தது. ஸ்பிளிட்ஃபயர் என்று, பாம்பின் நாக்கு போலக் கால் பிளந்த பிளக். சக்தி கூடும், பெட்ரோல் மிச்சம் என்று விற்றார்கள். 1997இல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆதாரம் இல்லாமல் இப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது. இதைச் சித்தரிடம் சொன்னேன். "அங்க ரோடு வேற, பெட்ரோல் வேற சார்" என்று ஒரே வரியில் கமிஷனைக் கலைத்துவிட்டார்.

பிறகு இரிடியம் காலம் வந்தது.

தமிழ்நாட்டில் இரிடியம் என்றாலே போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றிய செய்தி அவ்வப்போது பேப்பரில் வரும். இத்தனை இரிடியத்திலும் அசல் இரிடியம் இருக்கிற ஒரே இடம் சித்தரின் பிளக் நுனிதான் என்பேன். 2,446 டிகிரி செல்சியஸில்தான் உருகும் உலோகம். சாதாரண பிளக்கில் இருக்கும் நிக்கல் 1,455இலேயே உருகிவிடும். அதனால் நுனியை 0.4 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மெல்லியதாக இழைக்கலாம். மெல்லிய நுனியிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜிலேயே தாவும், நுனியும் லேசில் தேயாது. எல்லாம் நிஜம். அதற்காக வண்டி பறக்காது. பிளக்கின் வேலை பற்றவைப்பது மட்டுமே, இழுப்பது பெட்ரோல். தீபாவளி அணுகுண்டை ஊதுவத்தியால் கொளுத்தினாலும் கம்பி மத்தாப்பால் கொளுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். திரி நமுத்திருந்தால்தான் வித்தியாசம்.

இதற்கும் அவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. "அப்ப 2003ல பல்சர்ல ரெண்டு பிளக் வெச்சானே, அவன் என்ன முட்டாளா?" முட்டாள் இல்லை. பெட்ரோல் எரியும் அறையின் இரண்டு பக்கத்திலிருந்தும் தீ கிளம்பினால் சீக்கிரம் எரிந்து முடியும் என்று எஞ்சினையே அதற்காகக் கட்டினான். ஒரு பிளக்குக்கு நாலு கால் முளைக்க வைக்கவில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கிக்கரை உதைத்துவிட்டார்.

மைலேஜ் சோதனையும் செய்திருக்கிறார். பழைய பிளக்கோடு, திங்கட்கிழமை காலை கிண்டி நெரிசலில் ஒரு லிட்டர். புது பிளக்கோடு, ஞாயிறு விடியற்காலை ஈ.சி.ஆரில் முட்டை ஏற்றிப் போகிறவர் மாதிரி 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லிட்டர். இடைப்பட்ட நாளில் ஏர் ஃபில்டரைத் தட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றும் அடித்திருந்தார். 11 கிலோமீட்டர் கூடியது. மொத்தமும் பிளக் கணக்கில் வரவு. அரியர்ஸில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி எட்டு மணி வரை உட்காருகிற மனிதர்!

ஒருமுறை ரேஸ் பிளக் போட்டுக்கொண்டு வந்தார். அது 'கோல்டு', அதாவது குளிர் பிளக். சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். பிளக் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ள 450, 500 டிகிரி சூடாவது வேண்டும். ரேஸ் மைதானத்தில் அது கிடைக்கும். சைதாப்பேட்டை சிக்னலில் எங்கே கிடைக்கும்? பத்தே நாளில் பிளக் அடுப்புக்கரி. இதில் என்ஜிகே கம்பெனி பிளக்கில் வெப்ப எண் கூடக்கூடக் குளிர்ச்சி, பாஷ் கம்பெனி பிளக்கில் எண் கூடக்கூடச் சூடு. ஜாதகம் பார்ப்பது இதைவிடச் சுலபம்.

அவருடைய பக்தி ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இளமையில் டூ ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டியவர். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். பிளக் எண்ணெய்க் கரி பிடித்து நடுரோட்டில் நிற்கும். ஓரம் கட்டி, கழற்றி, உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் வண்டி மறுபிறவி எடுத்தது போல் சீறும். இருபது வயதில், பின் சீட்டில் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, அப்படி ஒரு அற்புதத்தைத் தன் கையால் நிகழ்த்தியவன் அதை எப்படி மறப்பான்?

எனக்கும் ஒரு நாள் விதி வந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே என் பிளக்கைக் கழற்றிவிட்டார். ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றைத் தாண்டியிருந்தது. 12,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதை 31,000 ஓட்டியிருந்தேன். இரிடியத்தை முறுக்கினார். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது: வண்டி ஜோராகத்தான் போனது. நூறு ரூபாய் பிளக் போட்டிருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும் என்று அடுத்த நாள் விளக்கினேன். "போச்சா இல்லையா, அதச் சொல்லுங்க சார்" என்றார். ஆறு மாதம் அந்தக் கதையை என் பெயரோடு ஊரெல்லாம் சொன்னார்.

போன மாதம் அவர் மகள் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை, பிளக்கும் இல்லை. இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், குனிந்து பார்த்திருக்கிறார், வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். ஸ்டாண்டிலும் சீக்கிரமே கிளம்பிவிட்டார். எங்களுக்கே மனசு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் முகம் தெளிந்திருந்தது. என்னைத் தனியே அழைத்தார்.

"வீட்டுல சார்ஜ் போடுறோம் பாருங்க சார், அந்த 15 ஆம்ப்ஸ் பிளக். அத மாத்திட்டேன். நாலு கிலோமீட்டர் கூடக் குடுக்குது!"